நிற்கத் தெரிந்த வண்டி

சர்ரக்... சர்ரக்...

அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். அரிசி களைந்துகொண்டிருந்த ஜெய்தூன் பீவியின் கை அப்படியே நின்றது. துணி கிழிகிற சத்தம் இல்லை அது. மெழுகு போட்ட நூலைக் கத்தி நுனியால் தையல் தையலாக அறுக்கிற சத்தம். அந்த நூலை மெழுகியவள் அவள்; தைத்தவளும் அவள். பெற்ற பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரியாதா?

ஈரக் கையோடு ஓடினாள்.

சுவருக்கு அப்பால் தகரக் கொட்டகை. அதற்குள் அவள் புருஷன் அப்துல் வாஹித் விட்டுப்போன டாக்சி. உலக யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட, எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி. அதன் பின் கதவைத் திறந்துபோட்டு, தோல் வெட்டும் அவளுடைய வளைகத்தியாலேயே பின் சீட்டை அறுத்துக்கொண்டிருந்தான் ஜெகபர் அலி. வாஹிதின் தம்பி. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன். இப்போது இருபத்தைந்து வயது. திண்டுக்கல்லில் அவனை மிஞ்சிய மெக்கானிக் கிடையாது.

"ஏலே ஜெகபரு! என்னலே பண்றே?"

"உள்ள போ மதினி. சின்ன முதலாளி வர்ற நேரம்."

சின்ன முதலாளி என்றால் புகையிலைக் கிட்டங்கிக்காரர் மகன் முத்துச்சாமி. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓடுகிறவன். போன வருஷம் தன் வீட்டுச் சின்னக் காரை ஜெகபர் கையால் ரேஸ் வண்டியாக்கி எடுத்துக்கொண்டு போனான். இந்த வருஷம் அவனுக்குப் பெரிய என்ஜின் உள்ள இந்த வண்டியே வேண்டும். வண்டியைத் தந்தால் ஜெகபருக்குச் சென்னையில் ரேஸ் மெக்கானிக் வேலை.

"இந்த வண்டிக்கா கத்தியத் தூக்குன?"

ஜெகபர் நிமிர்ந்தான். கண்ணில் ஒரு வெறி மின்னியது. "ரேஸ் வண்டின்னா என்னன்னு தெரியுமா மதினி? ஓட்டத்துக்கு ஒதவாத எதுவும் அதுல இருக்கக் கூடாது. பின் சீட்டு வேணாம். கதவுக் கண்ணாடி வேணாம். ஆரன் வேணாம், ஸ்டெப்னி வேணாம், சைலன்சர் வேணாம். ஃபேன்கூட வேணாம். போற வேகத்துல எதிர்க்காத்தே ரேடியேட்டரக் குளுப்பாட்டிரும். எடை கொறையக் கொறைய வண்டி பறக்கும்."

"பறந்து எங்க போகும்?"

"ஓடுதளத்துல சுத்தும். பத்துச் சுத்து, இருபது சுத்து."

"அம்புட்டும் சுத்திட்டுக் கிளம்புன எடத்துக்கேதான் வருமா?"

அறுபட்ட சீட்டை அவள் தடவினாள். மூலையில் ஒட்டுத்தோல். வியாழக்கிழமை தோறும் அய்யலூர் சந்தைக்கு இந்த வண்டியில்தான் வியாபாரிகள் போவார்கள். திரும்பும்போது காலடியில் ஆடுகளும் வரும். அதில் ஒரு கிடா கடித்துத் தின்ற மூலை அது. நடுவில் கறை. சித்தையன்கோட்டை சுந்தரம்மாளைப் பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பாதி வழியிலேயே பிள்ளை பிறந்த இடம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. போக்க வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.

பேகம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவரின் மகள் அவள். பதினாறு வயதிலேயே ஊசி பிடித்துக் கார் சீட்டு தைத்தவள். கிழிந்த சீட்டைத் தைக்கக் கொண்டுவந்த வாஹித், தைத்தவளையே நிக்காஹ் செய்துகொண்டு போனார். மணப்பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரை அப்புறம் தருவதாகச் சொன்னார். எத்தனையோ ஆண்கள் சொல்வதுதான். தராமலே கண்ணை மூடுவார்கள். கண்ணை மூடியவரின் மையத்தை அடக்கத்துக்குத் தூக்குமுன் பெண்டாட்டியிடம் "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லிரும்மா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவளும் அழுதுகொண்டே மன்னிப்பாள். அதுதான் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் வாஹித் காய்ச்சலில் போனபோது ஜெய்தூனையும் கேட்டார்கள். அவள் அழவில்லை. கதவு மறைவிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"மன்னிக்க என்ன இருக்கு? நேத்தே தந்துட்டாக. அந்த வண்டிதான் என் மஹர். சாவி என் முந்தானையில இருக்கு. பொண்டாட்டிக்குக் கடன்காரனா அவுக போகல. அத நெஞ்சுல வெச்சுத் தூக்குங்க!"

மையத்தின் முன்னால் வாயாடியவள் என்ற பேர் இன்றுவரை போகவில்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தபோது, வெளி முகம் பார்க்காமல் அந்த அடுப்படிக்குள் உட்கார்ந்து, சுவர் வழியாக வண்டியின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெகபர் அதைக் கிளப்பும்போதெல்லாம், அவர் வாசலில் நிற்பது போலிருக்கும். அவர் காப்பாற்றிய அந்த வாக்கைத்தான் இன்று அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெருவே அதிர ஒரு சத்தம். சைலன்சர் கழற்றிய அந்தச் சின்னக் கார் வாசலில் வந்து உறுமி நின்றது. கோழிகள் சிதறின. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தன. முத்துச்சாமி இறங்கினான். நல்ல பையன்தான், கெட்ட வார்த்தை வராது. ஆனால் கேட்டது கிடைக்காமல் வளர்ந்ததில்லை.

"என்ன ஜெகபரு, இன்னும் சீட்டுலயே நிக்கிறியா? என்ஜினு?"

"என்ஜினத் தாங்குற நாலு போல்ட்டுல ரெண்டு கழட்டிட்டேன். மிச்சம் ரெண்டு..."

"மிச்சம் ரெண்டும் கழலாது," என்றாள் ஜெய்தூன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "வண்டி என்னது தம்பி. நான் தரல."

"இவன் சம்மதிச்சிட்டானே அக்கா. மோட்டார் விவகாரம், ஆம்பளைக பேசிக்கிறோம்."

"ஒங்க அம்மாவையும் இப்பிடிப் பேசித்தான் அந்தக் கார்லருந்து எறக்கிவிட்டீகளா? வடமதுரை பெருமாள் கோயிலுக்கு இப்ப பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறாகளாமே?"

தெரு சிரித்தது. முத்துச்சாமிக்கு முகம் சிவந்தது. "இந்த ஓட்டை வண்டி ஓடியா கிழிக்கப் போகுது? இது நிக்கத்தான் லாயக்கு!"

எத்தனை ஆஸ்பத்திரி வாசல், எத்தனை சந்தை வாசல்! பாட்டரி செத்த நாட்களில், நோயாளி திரும்பி வரும்வரை என்ஜினை அணைக்காமலே மணிக்கணக்காக நின்ற வண்டி அல்லவா அது!

"சரி தம்பி," என்றாள். "நிக்கிறதுலயே பந்தயம் வெப்போம். ரெண்டு வண்டியும் என்ஜின் அணையாம இந்த வாசல்ல நிக்கட்டும். நான் உலை வெக்கிறேன். உலை கொதிச்சு, சோறு வடிக்கிற வரைக்கும் என் வண்டி நிக்கலைன்னா எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்க வண்டி நிக்கலைன்னா, நீங்க போங்க. நீங்க ஆக்சிலேட்டர்ல கால் வெச்சுக்கலாம். என் வண்டிய யாரும் தொட வேணாம்."

"மதினி!" ஜெகபர் பதறினான். "என்ஜினு ரெண்டு போல்ட்டுல தொங்குது. ஆட்டம் தாங்காது!"

"ரெண்டு இருக்குல்ல?"

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முத்துச்சாமியால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஏறி உட்கார்ந்தான். ஜெகபர் கொட்டகையிலிருந்து பெரிய வண்டியை எடுத்து வந்து பக்கத்தில் நிறுத்தி இறங்கினான். பக்கத்து வீட்டு ஆரிபா அடுப்படிக்குள் ஓடி உலை வைத்தாள்.

சின்ன வண்டி 'பட் பட் பட்' என்று வெடித்தது. காலை எடுத்தால் அணைந்துவிடும். அதனால் அவன் மிதித்துக்கொண்டே இருந்தான். பெரிய வண்டி மெதுவாக ஓடியது. ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து 'டங்' என்று இரும்புச் சட்டத்தில் மோதியது. ஒவ்வொரு மோதலும் ஜெய்தூனின் நெஞ்சில் விழுந்தது. யா அல்லா, அவர் வாக்கைக் காப்பாத்து!

"டங்" இப்போது அடிக்கடி கேட்டது. வண்டி இருமியது. ஒருமுறை, சத்தமே நின்றுவிட்டது போல் இழுத்தது. முத்துச்சாமி எக்களிப்போடு திரும்பிப் பார்த்தான். ஜெகபரின் கை பானட்டை நோக்கித் தன்னையறியாமல் நீண்டது. அணைக்கவா, காப்பாற்றவா? அவனுக்கே தெரிந்திருக்காது.

"தொடாதலே!" என்றாள் அவள்.

கை நின்றது. வண்டி இன்னொரு முறை இருமியது. பிறகு பழையபடி பிடித்துக்கொண்டது.

"கொதிச்சிருச்சா ஆரிபா?"

"இன்னும் இல்லக்கா! இப்பத்தான் குமிழி விட ஆரம்பிக்கிது!"

அப்போது சின்ன வண்டியின் மூக்கிலிருந்து மெல்ல ஒரு ஆவி எழுந்தது. ஜெகபர் தலையைக் குனிந்துகொண்டான். ஃபேனைக் கழற்றியது அவன் கைதானே? ஓடினால்தான் அந்த வண்டிக்குக் காற்று. நின்றால் மூச்சுக்கு வழியே கிடையாது.

ஆவி புகையாயிற்று. ரேடியேட்டர் மூடி 'டப்' என்று தெறித்தது. கொதிநீர் ஊற்றாகப் பீய்ச்ச, முத்துச்சாமி கதவைத் திறந்து குதித்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

"அடி ஆத்தி! நம்ம உலைக்கு முந்தி சின்ன முதலாளி உலை கொதிச்சிருச்சே!" என்று உள்ளிருந்து வந்த ஆரிபாவின் குரலில் தெருவே குலுங்கியது. பெரிய வண்டி மட்டும் சிரிக்காமல், 'டங்... டங்...' என்று இன்னும் நின்றுகொண்டிருந்தது.

ஜெய்தூன் அதன் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகி, எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். அதன் பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஜெகபர் வாய்க்குள் முனகினான். "ஒனக்கு வண்டி கெடச்சிருச்சு மதினி. எனக்கு மெட்ராசு போச்சு."

"ஒன்ன யாரு போக வேணாங்கிறா? நீ கைய எடுத்துக்கிட்டுப் போ. வண்டியக் கேக்காத." முத்துச்சாமி பக்கம் திரும்பினாள். "இவன் கை மட்டும் போதுமா தம்பி ஒங்களுக்கு?"

முத்துச்சாமி வேர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்தான். "என்ஜின் இல்லாம மெக்கானிக்க வெச்சு நான் என்ன செய்ய?"

ஜெகபர் அவனைப் பார்த்தான். பிறகு குனிந்து, பின் சீட்டில் கிடந்த வளைகத்தியை எடுத்துத் துடைத்து மதினி கையில் கொடுத்தான்.

"வியாழக்கெழம அய்யலூர்ச் சந்தை," என்றாள் அவள். "அதுக்குள்ள சீட்டத் தச்சாகணும். நூலு நான் மெழுகித் தாரேன். தைக்கிறது நீ."

நாலு பேர் தள்ள, ரேஸ் வண்டி தெருவில் சத்தமில்லாமல் உருண்டது. இரண்டடி போய் முத்துச்சாமி திரும்பினான்.

"சோழவரத்துல இந்த மாதிரிப் பந்தயமெல்லாம் கெடையாதுக்கா."

"அதான் தம்பி, நீங்க எங்க தெருவுக்கு வந்து தோத்தீக. செத்த நேரம் நில்லுங்க, சோறு வெந்துரும். சாப்ட்டுட்டுப் போங்க."

"இல்ல... வாரேன்."

"நிக்கத் தெரியாதுல்ல," என்று சொல்லிவிட்டு, ஜெய்தூன் பீவி கதவைச் சாத்தினாள்.