எல்லோரும் பேச்சை நிறுத்திய நேரம்

அயனம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாட்ச்மேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். வெள்ளத்தில் செல்போன்கள் வேலை செய்யாத அன்று, முதல் மாடிப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. மொட்டைமாடியில் வயர்லெஸ் வைத்திருக்கும் பாலு சார், காற்றில் சாய்ந்த ஏரியலைப் பிடித்துக்கொண்டு மைக்கில் என்னைப் பேசச் சொன்னார். வயர்லெஸ்ஸில் ஏற்கனவே பல குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

"இத்தினி பேர் பேசிக்கினு கீறாங்க. என் பேச்சு யாருக்கு சார் கேக்கும்?"

"அந்தக் காலத்துல கடல் தாண்டிப் பறந்த பைலட்டுங்க ஆபத்துன்னா மூணு வாட்டி 'மேடே'ன்னுதான் கூப்ட்டாங்க. சொல்லுங்கண்ணே!"

மூன்று முறை 'மேடே' சொல்லிவிட்டு, அழுத்தியிருந்த மைக் பட்டனை விட்டேன். அத்தனை குரல்களும் அடங்கியிருந்தன. பிறகு ஒரே ஒரு குரல்: "சொல்லுங்க. உங்களுக்காகத்தான் எல்லாரும் சும்மா இருக்கோம்."

விலாசத்தையும் பிரசவ வலியையும் சொன்னேன். படகு வந்து அவளை ஏற்றிச் சென்றது. நடுக்கடலில் அந்த விமானிகளில் எத்தனை பேருக்கு இப்படியொரு பதில் கிடைத்திருக்குமோ! எனக்குக் கிடைத்தது.