பத்தாத துணியில் ஒரு பை

தையல் கடையில் அவளுக்குப் பெயர் காஜாக்கா. பொத்தான் நுழைகிற ஓட்டையைத்தான் தையல்காரர்கள் காஜா என்பார்கள். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அவள் வேலை. வெட்டுவதும் மிஷினில் தைப்பதும் அண்ணன் வேலை. புருஷன் விட்டுப் போனதும் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றைக்கே கையில் ஊசியை வாங்கினாள். சம்பளம் கிடையாது. கூடப்பிறந்தவளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்பார் அண்ணன். கூடப்பிறந்தவளை யாராவது பகல் முழுக்க வேலை வாங்குவார்களா என்று அவரைத் திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

அண்ணன் நல்ல கைக்காரர்தான், அளவு தப்பாது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பல்லவி: "துணி பத்தலம்மா." சட்டைக்குப் பாக்கெட் வைக்கச் சொன்னால் பத்தல. கை கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால் பத்தல. மிச்சம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுவிட்டால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார். "மிச்சமா? நானே ஒட்டுப்போட்டு ஒப்பேத்தியிருக்கேன்." அவர் காதுபடாமல் தெரு அவரைப் பத்தல மாஸ்டர் என்று கூப்பிட்டது. பத்தாத துணியெல்லாம் மேஜைக்கு அடியில் ஒரு மூட்டையாகச் சேரும். பெரிய துண்டுகளை அண்ணி தூரத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவாள். கையகலத் துண்டுகள் காஜாக்காவின் காலடியில் வந்து விழும். "குப்பை. கொட்டிடு" என்பார் அண்ணன்.

அவள் கொட்டவில்லை. அண்ணன் மத்தியானம் கண்ணசரும் நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தாள். நீலப் பூவுக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் கட்டம் போட்டது. உள்பக்கத்துக்குத் தன் பழைய போர்வையை வெட்டினாள். அது சாதாரணப் பை இல்லை. வாரை ஒரு பொத்தானில் மாட்டினால் தோளில் தொங்கும். இரண்டாக இழுத்து மாட்டினால் முதுகுப்பை. பக்கவாட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டால் அப்படியே விரிந்து, கைக்குழந்தையைப் படுக்கவைக்கிற விரிப்பாகிவிடும். இத்தனை வித்தைக்கும் காரணம் காஜாவும் பொத்தானும்தான். தனக்குத் தெரிந்த ஒரே வேலையை வைத்து அவள் ஒரு அதிசயம் செய்துவிட்டாள். அதைத் தடவிப் பார்த்துப் பார்த்து அவளுக்கே தாங்கவில்லை.

அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற டீச்சர், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தபோது அதைப் பார்த்தாள். பத்தல மாஸ்டர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

"இது யாரு தச்சதுக்கா?"

"நான்தாம்மா."

"எங்கிட்ட ஒரு மிஷின் சும்மா கெடக்கு. பின்னாடி ஒரு ரூமும் காலியா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அம்மாங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக வருவாங்க. வந்து காட்டுங்க. அவங்களுக்குப் பிடிச்சிடுச்சுன்னா அங்கேயே தங்கித் தைங்க."

ரூம்! அண்ணன் வீட்டில் அவள் படுப்பது அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள சந்தில். தண்ணீர் குடிக்க எழுகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போவார்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு கிடைக்கும் என்ற நினைப்பே அவளுக்குத் தித்தித்தது.

மறுநாள் காப்பகத்தில் பையை மாட்டிக் காட்டினாள், முதுகில் போட்டுக் காட்டினாள், விரித்தும் காட்டினாள். அம்மாக்கள் கூடிவிட்டார்கள். எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒரே சத்தம். அதில் ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

"இது என் நீலப் பூத் துணி மாதிரி இருக்கே!"

"உங்களதேதாம்மா!" என்றாள் காஜாக்கா, முகமெல்லாம் பல்லாக. "இந்த மஞ்சள் அவங்களோடது. இந்தக் கட்டம் உங்களோடது. நல்லா சேர்ந்திருக்கு இல்ல?"

சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல விரலை வைத்து வைத்துச் சொன்னாள், பைத்தியக்காரி. குப்பை என்பதையும் பத்தல என்பதையும் வருஷக்கணக்கில் கேட்டவள்தான். மிஷின் சத்தத்தோடு சத்தமாகக் கேட்டுக் கேட்டு, இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் கண்ணுக்கு அது வெறும் துணி.

"பாக்கெட் வைக்கத் துணி பத்தலன்னாரே உங்கண்ணன்?"

அப்போதுதான் அவள் பையின் மேலிருந்த விரலை எடுத்தாள்.

எல்லோருமாகக் கடைக்குக் கிளம்பினார்கள், டீச்சரும் கூடவே வந்தாள். அண்ணன் பையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கடைசியில் தங்கச்சியைப் பார்த்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டு மானம் இப்படி சந்தி சிரிக்கணுமா? மிச்சம் இருந்துச்சும்மா. எல்லாத்துலயும் இருந்துச்சு. எடுத்து வைப்பேன், திரும்பிப் பாத்தா காணாமப் போயிருக்கும். கூடப்பிறந்தவ திருடுறான்னு எந்த வாயால உங்ககிட்ட சொல்றது? அதான் பத்தல பத்தலன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

சொல்லும்போது கண்கூடக் கலங்கியது. என்ன நடிப்பு! சண்டைக்கு வந்தவர்கள் அவருக்காக உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, நீதானே கொட்டச் சொன்ன..." என்று ஆரம்பித்தாள் காஜாக்கா.

"உள்ள வா. சோறு ஆறுது" என்றாள் அண்ணி, கடையை ஒட்டிய வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து.

மிச்சத்தையும் அவள் சொல்லியிருக்க வேண்டும். நாமாக இருந்தால் சொல்லியிருப்போம், நமக்கென்ன, ராத்திரி படுக்க இடம் இருக்கிறது. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள். பத்துக் குழந்தைகளின் அம்மாக்கள் பக்கத்தில் நிற்கும்போது ரூமைப் பற்றி அவள் எப்படிப் பேசுவாள்? காஜாக்கா உள்ளே போனாள். போட்ட சோற்றைத் தின்றாள்.

பையைப் பிரித்து அவரவர் துணியை அவரவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் அண்ணன். தையல் தையலாகத் தானே பிரித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். சிலர் வாங்கி அவள் கண்ணெதிரே குப்பையில் போட்டார்கள். பொத்தான்களை அண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டாள். வெட்டிய போர்வை மட்டும் அவளிடம் மிஞ்சியது. அதைத் திரும்பவும் போர்த்திக்கொள்ள முடியாது.

இப்போது அவரை யாரும் பத்தல மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. பெரிய துண்டுகள் வழக்கம்போல அண்ணியோடு சந்தைக்குப் போகின்றன. கையகலத் துண்டுகளை மட்டும் நூலால் கட்டி, தைத்த துணியோடு வைத்துக் கொடுக்கிறார்.

"எந்தங்கச்சி கண்ணுல படாம எடுத்து வச்சேம்மா" என்கிறார், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது.

வந்தவள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறாள். கீழே குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பவளை ஒருமுறை பார்க்கிறாள். தன் கைப்பையை, காஜாக்கா பக்கத்துத் தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள்.