நெத்திலிக்கு வைத்த புதுப் பெயர்

எண்பதுகளின் கடைசி. காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்கு எழுத்து வேலை செய்துகொடுத்த ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு நான்தான் ராஜா. புரோகிராமைத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கணும். ஒரு துண்டு இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கும். கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன பெயர் வாயில் வரும்? வஞ்சிரம், வாளை, சுறா, நெத்திலி என்று வைத்துவிட்டேன். நாலு வருஷம் ஒரு குறையில்லாமல் ஓடியது.

பிறகு அவள் வந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண், பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் படித்தவள். முதல் வாரமே ஸ்க்ரீனைப் பார்த்து, "என்னண்ணே, மீன் மார்க்கெட்டாட்டம் இருக்கு?" என்றாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். என் பேச்சுக்கு அந்த மனுஷன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பெயர் மாற்றும் வேலையை அவளிடமே கொடுத்தார். விண்ணப்பம், வாரிசு என்று ஒழுங்கான பெயர்களாக வைத்தாள். நெத்திலி 'முகவரி' ஆனது. "பழைய பேரு எங்கெங்க வருதுன்னு சொல்லுங்கண்ணே" என்று நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறு இடம் சொன்னேன். ஏழாவதைச் சொல்லவில்லை. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒருதரம் சான்று அனுப்பணும். அந்தப் பட்டியலை எடுக்கும் துண்டு நெத்திலியைத்தான் கூப்பிடும். கூப்பிட்டால் ஆள் இருக்காது. பட்டியல் வராது, சான்று போகாது, பென்ஷன் நின்றுபோகும். அவ்வளவும் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அவள் திருதிருவென்று முழிக்கணும், முதலாளி என்னைக் கூப்பிடணும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. வாசலில் கைத்தடியும் கண்ணாடியுமாகப் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அவள் பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்து, கடைசி ஆள் வரைக்கும் நிற்காமல் அடித்து முடித்தது. பாவி எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

நெத்திலி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அழிக்கலண்ணே. பழைய பேரு எல்லாத்தையும் சும்மா விட்டு வச்சிருக்கேன். யாராவது கூப்பிட்டா புதுப் பேருக்கு அனுப்பிடும். நாலு வருஷத்து வேலை, உங்களுக்கே ஒண்ணு ரெண்டு மறந்திருக்கும்ல."

"ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றேன்.

அவள் அப்படியே நம்பிவிட்டாள். துளி சந்தேகப்பட்டிருந்தால்கூட அவளை நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.