மூணு நாள் தீட்டின அருவாள்

மந்திரமூர்த்தி கொலைச்சிந்து கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எங்கே கொலை விழுந்தாலும், நாலாம் நாள் அவருடைய எட்டுப் பக்கப் புத்தகம் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு மணியாச்சி ரயிலிலும் திருச்செந்தூர் பஸ்ஸிலும் ஏறிப் பாடுவார். பாட்டு முடிவதற்குள் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அட்டையில் 'முற்றிலும் உண்மைச் சம்பவம்' என்று கொட்டை எழுத்தில் போடாமல் அச்சாபீஸ் சுந்தர்சிங் விடமாட்டார். நடந்தது கொஞ்சம், காதில் விழுந்தது கொஞ்சம், தானாகக் கட்டியது கொஞ்சம் என்று சேர்ந்தால்தான் பாட்டு நிற்கும். அதை மந்திரமூர்த்தி ஒருநாளும் பொய் என்று நினைத்ததில்லை.

1971 சித்திரையில், உப்பளத்துக் குடியிருப்பில் நயினார் என்ற கூலிக்காரன் தன் பெண்டாட்டி பேச்சியை வெட்டிக் கொன்றான். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயற்காட்டிலிருந்து பிழைக்க வந்த ஜோடி அது. நல்ல உச்சிவெயிலில் நடந்தது. வெட்டியவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "பேச்சியக் கண்டியளா? சோறு வைக்காம எங்கன போனா?" என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறான்.

விவரம் சேகரிக்கப் போன மந்திரமூர்த்தியிடம் நயினாரின் அக்கா செண்பகம் அழுதாள். "போன வருசம் விசக்காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்சதுலேருந்து அவன் அவனா இல்ல அண்ணாச்சி. கப்பல் சங்கு ஊதினா, யாரோ பேரு சொல்லிக் கூப்பிடுதாங்கன்னு கடலப் பாத்து நடப்பான். பேச்சிதான் ஓடிப்போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாருவா."

அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் காய்ச்சலில் கலங்கிப்போன மூளையைப் பாடினால் யார் நின்று கேட்பார்கள்? அன்று சாயங்காலம் அச்சாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தபோது வரிகள் தாமாக வந்து விழுந்தன.

'மூணு நாளாத் தீட்டினானே அருவாளு – அதை
மூங்கில் கூரை இடுக்கினிலே ஒளிச்சு வச்சான்.'

பேச்சியைத் தேடி வீடு வீடாகப் போனதையும் கள்ளன் போட்ட வேஷம் என்று ஆக்கிவிட்டார். புத்தகம் மூன்று தடவை அச்சேறியது. உப்பளத்தில் வரப்பு மிதிக்கிற பெண்கள் அந்த வரியைப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள்.

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தபோது, தீர்ப்பைச் சேர்த்து இரண்டாம் பாகம் போடலாம் என்று மந்திரமூர்த்தியும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். கூண்டுக்குள் நயினார் கூரையில் சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். செய்வது இன்னதென்று அறியாத புத்திக் கலக்கத்தில் செய்த காரியம் குற்றமாகாது என்று அவன் வக்கீல் வாதாடினார். ஜட்ஜும் கவனித்துக் கேட்டதாகத்தான் தெரிந்தது. அதன்பிறகு சாட்சிக் கூண்டில் ஜீவமணி ஏறினான். குடியிருப்பு முனையில் டீக்கடை வைத்திருப்பவன். கொலை நடந்து பத்து நாள் கழித்துத்தான் போலீஸ் அவனிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தது.

"மூணு நாளாத் தீட்டினான் எசமான். கூரை இடுக்குலதான் ஒளிச்சு வச்சிருந்தான்" என்றான் ஜீவமணி.

மந்திரமூர்த்தி பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரை இடுக்கு என்று ஒன்றை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. மோனைக்காகப் போட்ட மூங்கில் அது.

அன்று அவர் ஒருவேளை நிஜமாகவே நடந்திருக்குமோ என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே ஊர் திரும்பினார். மறுநாள் காலையில் நேராக டீக்கடைக்குப் போனார்.

"ஏலே ஜீவமணி, அவன் தீட்டினத நீ கண்ணால பாத்தியா?"

"பாக்காமலா? ஊரே சொல்லுதுல்லா." ஜீவமணி கிளாசைக் கழுவியபடி சிரித்தான். "உங்க பாட்டுலயே இருக்கே அண்ணாச்சி!"

அவன் பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு, பார்த்ததாகவே அவனுக்கு ஆகிவிட்டிருந்தது. மந்திரமூர்த்தி வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நயினாரின் வக்கீலைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் மனுப் போட்டு, அடுத்த வாரம் அவரைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்.

அரசாங்க வக்கீல் அந்தப் புத்தகத்தையே கையில் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்கள் எழுதியதுதானே? அட்டையில் என்ன போட்டிருக்கிறது? உரக்கப் படியுங்கள்."

"முற்றிலும் உண்மைச் சம்பவம்."

"இது பொய்யா?"

"கொலை நடந்தது மெய்தான் ஐயா. அருவாளத் தீட்டினது நான் கட்டுனது."

"அப்படியானால் இத்தனை ஜனங்களிடம் பொய்யை உண்மை என்று விற்றிருக்கிறீர்கள். இன்றைக்கு மட்டும் நிஜம் பேசுகிறீர்கள் என்று கோர்ட்டார் நம்ப வேண்டும், இல்லையா?"

சபையில் சிரிப்பு எழுந்தது. ஆயிரம் பேர் முன்னால் பாடுகிற மந்திரமூர்த்தி, தலையைக் குனிந்துகொண்டு கூண்டிலிருந்து இறங்கினார்.

முன்கூட்டியே ஆயுதத்தைத் தீட்டி மறைத்து வைத்தவனைப் புத்தி பேதலித்தவன் என்று சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. தூக்குத் தண்டனை. மதராஸ் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஜனாதிபதிக்குக் கருணை மனு எழுதச் செண்பகத்துக்கு ஆள் இல்லை. மந்திரமூர்த்திதான் உட்கார்ந்து எழுதினார். அடுக்குமொழி ஒன்றுகூட வரக்கூடாதென்று நான்கு தடவை கிழித்துக் கிழித்து எழுதினார். அவள் பெருவிரலை மையில் ஒற்றிக் கொடுத்தாள்.

பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் ஒருநாள் செண்பகத்தோடு அவரும் ஜெயிலுக்குப் போனார். நயினார் இளைத்துத் துரும்பாக இருந்தான். அக்காவிடம், "பேச்சி வரலையா?" என்று கேட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

மந்திரமூர்த்தி கம்பிக்கு அருகே போனார். "நயினாரு, அந்தப் பாட்டக் கட்டுனவன் நான்தான். அதுல உள்ளது..."

நயினாரின் முகம் பளிச்சென்றது. "நீங்களா? இங்கன உள்ளவங்க எல்லாரும் பாடுதாங்க. எனக்கும் முழுசாத் தெரியும்."

"அதுல நீ தீட்டினதாச் சொன்னது பொய்லே. நானா இட்டுக்கட்டுனது."

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். "இல்ல அண்ணாச்சி. நான்தான் தீட்டியிருக்கேன். எனக்குத்தான் ஞாபகம் வரமாட்டேங்கு. புத்தகத்துலயே போட்டிருக்கே."

வார்டர் நேரமாகிவிட்டது என்றார்.

கருணை மனு தள்ளுபடியாகி, 1973 ஐப்பசியில் நயினாரைத் தூக்கிலிட்டார்கள். உடலை வாங்கச் செண்பகத்தோடு மந்திரமூர்த்தியும் போனார். அதற்கு இரண்டு நாள் முன்பே சுந்தர்சிங் ஆள் அனுப்பியிருந்தார்: 'தூக்குமேடைச் சிந்து உடனே வேணும்.' மந்திரமூர்த்தி மாட்டேன் என்றுவிட்டார். சாத்தான்குளத்திலிருந்து வேறொருவன் வந்து கட்டிக் கொடுத்தான். பழைய வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக யாரும் சம்மதிக்கவில்லை. ஜெயிலுக்குப் பக்கத்துச் சுடுகாட்டிலேயே காரியம் முடிந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. திரும்பும்போது பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். அதுவரை நெஞ்சுக்குள் கிடந்ததை மந்திரமூர்த்தி சொல்லிவிட்டார்.

"உன் தம்பிய நான்தான்ளா கொன்னேன்."

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வற்றிப்போயிருந்தது.

"நீங்க ஒரு ஆளா அண்ணாச்சி? நீங்க கட்டுனீய. ஊரு பாடிச்சு. நானும் ஒருநா உப்பு அள்ளும்போது, என்னையறியாம வாயில வந்து, பாடித் தொலைச்சேன். என் கூடப்பொறந்தவன்னு நினைப்புகூட இல்லாம." அவள் ஈரத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பேச்சியோட ஆத்தா இன்னும் உசுரோட இருக்கா. அவன் அருவாளத் தீட்டலைங்கிற சேதிய அவளுக்கும் சொல்லணும். நான் போனா முகத்துல முழிக்க மாட்டா. நீங்க வாரியளா?"

இரண்டு பேருமாக ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினார்கள்.