சுற்றும் தட்டில் பொங்கிய பால்

மைக்ரோவேவ் அடுப்புக்குள் சுற்றுகிற அந்தக் கண்ணாடித் தட்டைத் தினமும் நானே கழுவுகிறேன். சூடு ஆறும்வரை பொறுத்திருந்துதான் தண்ணீரில் நனைக்க வேண்டும். அது என் மனைவி போட்ட சட்டம். பதுளையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான என் வீட்டில் கேடயங்களுக்குக் குறைவில்லை. அவை அலுமாரிக்குள் கிடக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது இந்தத் தட்டைத்தான்.

அவள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், விறகடுப்பில் ரொட்டி சுட்டு வளர்ந்தவள். லேசான பாரிசவாதம் வந்து போனபின் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. ஒரு காலையில் சமைக்கும்போது சேலைத் தலைப்பில் தீப்பிடித்தது. நல்ல வேளையாக நான் பக்கத்தில் இருந்தேன், ஈரச் சாக்கால் அணைத்துவிட்டேன். அன்று மாலையே, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், எரிவாயு அடுப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். மதியத்துக்குக் கடைப் பார்சல் ஏற்பாடு செய்தேன். அவள் பார்சலைப் பிரித்து எனக்குப் பீங்கானில் வைப்பாள், தான் இரண்டு பிடி சாப்பிட்டு எழுந்துவிடுவாள். வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே காலையில் சாப்பிட்டார்களா என்று கண்டுபிடித்தவன் நான். வீட்டில் எனக்கு அந்தக் கண் இல்லாமல் போனது.

கொழும்பிலிருந்து வந்த மகள்தான் இந்த மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். “ஆறிப்போனதைச் சுட வைக்கிற பெட்டி இது. இதுல சமைக்கவா முடியும்?” என்றேன். மனைவி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணியை உள்ளே வைத்து நீலப் பொறி பறக்கவிட்டாள். மறுநாள் முட்டை வெடித்தது. பிறகு கை பழகிவிட்டது. உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் குத்திவிட்டு வைப்பாள். நுரைத்து வழியும் என்பதால் பருப்புக்குப் பெரிய பாத்திரமாக எடுத்து, பாதிக்குமேல் ஊற்றமாட்டாள். சோற்றை நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறி, வெந்தபின் கொஞ்ச நேரம் மூடியே வைப்பாள். எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரித்தாள். பீங்கான் கிண்ணத்தில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளிக்கும்போது, வெடிப்பது கேட்கிறதா என்று தலையைச் சாய்த்து நிற்பாள். ரொட்டி மட்டும் கடைசிவரை அவளுக்கு வசப்படவில்லை. “இது செருப்புக்கு அடி வைக்கத்தான் ஆகும்” என்று அவளே சிரித்தாள். கடைப் பார்சல் நின்றது. அவள் எனக்குச் சமமாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். “நல்லாருக்கா?” என்று கேட்பாள். “பரவால்ல” என்பேன். அதற்குமேல் ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை.

தைப்பொங்கலுக்கு நமுனுகுலையிலிருந்து அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றேன். “வரட்டும். நான் வைக்கிறேன்” என்றாள். அண்ணன் முன்னால் அந்தப் பெட்டி எங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிடும் என்று பயந்தேன். அவளுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு பானை பொங்கல் வைக்கச் சொன்னேன், நான் தூக்கிக் கொடுத்த அதே அடுப்பில்.

பொங்கலன்று கிழக்குச் சன்னலோரம் மேசை போட்டு மைக்ரோவேவை அங்கே நகர்த்தச் சொன்னாள். முன்னால் கோலம். சின்ன மண்சட்டியின் கழுத்தில் மஞ்சள் கொத்து. அண்ணன் குனிந்து பார்த்தார்.

“என்னடா தம்பி, டிவிப் பெட்டிக்குள்ளயா பொங்கல்?”

“பாத்துக்கிட்டே இருங்க, நல்ல படமா ஓடும்” என்றாள் மனைவி.

எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குனிந்து நின்றோம். பால் ஆடை கட்டியது, விளிம்புவரை எழும்பியது, பொங்கி வழிந்தது. “பொங்கலோ பொங்கல்” என்று அண்ணிதான் முதலில் சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பால் எந்தத் திசையில் முதலில் வழிகிறது என்பது முக்கியம். கிழக்கே வழிந்தால் அந்த வருடம் நன்றாக இருக்கும். “எந்தப் பக்கம்மா பொங்குச்சு?” என்றார் அண்ணன். தட்டோ சுற்றிக்கொண்டே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எல்லாப் பக்கமும் பொங்குச்சுங்க. கிழக்கும் அதுக்குள்ளதானே இருக்கு” என்றாள் அவள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்த்தே கும்பிட்டார்.

அரிசியும் சர்க்கரையும் வெந்து முடிகிற நேரத்தில் பின்கதவில் குரல் கேட்டது. “சார், நீங்க சொன்ன பொங்கல்.” பக்கத்து வீட்டுப் பெண் பானையோடு நின்றாள். மனைவி பானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உள்ளே வரச் சொன்னாள். “நல்ல வேளை சொல்லி வச்சாரு. என் சட்டி சின்னது, அக்கம்பக்கத்துக்குக் குடுக்கப் பத்தாது.”

விருந்தினர் போனபின் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “பொங்காதுன்னு நெனச்சீங்களா?”

“ஆமா” என்றேன்.

“நானுந்தான் பயந்தேன். ஆனா இன்னொரு பானைக்குச் சொல்லி வைக்கல.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவள் இறந்துபோனாள். பருப்பு, சோறு, தாளிப்பு எல்லாம் இப்போது நான் அவள் செய்தபடியே செய்கிறேன். அவள் கண்டுபிடித்தவற்றைத்தான் நான் பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு.

துக்கம் கழிந்து வந்த முதல் தைப்பொங்கலுக்கு முந்தின மாலை, பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்தாள். “சார், உங்களுக்கும் சேர்த்து ஒரு பானை வச்சிரட்டுமா?”

“வேணாம்மா. எங்க வீட்டுலயே நல்லாப் பொங்கும்” என்றேன்.

உள்ளே போய்த் தட்டைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன்.