பட்டை டயருக்கு ஒல்லி டியூப்

என் மனைவியின் தம்பி பரங்கிப்பேட்டையில் மீன் எடுத்து, சைக்கிளில் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருந்தான். கரை மணலில் புதையக் கூடாதென்று பட்டை டயர் போட்ட சைக்கிள். அதற்குப் பஞ்சர் ஒட்டுவது, டியூப் மாற்றுவது எல்லாம் நான்தான். கடைக்காரன் இரும்பால் நெம்பி டயரைக் கெடுப்பான், நான் கையாலேயே கழற்றுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஆள் நான்.

2009 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பின் டியூப் வால்வோடு பிய்ந்துவிட்டது. காலையில் அவன் கரைக்குப் போயாக வேண்டும். கடையில் பட்டை டியூப் இல்லை.

"நாளைக்கிக் கடலூர்லேர்ந்து வந்துடும் சார். ஒல்லி டியூப் இருக்குது, ரெண்டும் இருபத்தாறு இஞ்சுதான். மாட்டிக்கலாம். ஆனா லோடு ஏத்தாதீங்க, தாங்காது" என்றார் கடைக்காரர்.

ரப்பர்தானே, காற்றடித்தால் விரியப்போகிறது என்று எனக்கு அலட்சியம். மச்சான் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வாங்கிவந்துவிட்டேன்.

முகப் பவுடர் தடவி, லேசாகக் காற்றடித்து, முறுக்கு விழாமல் உள்ளே செலுத்தினேன். டயர் நிறைய நிறைய, உள்ளே டியூப் பலூன் போல மெலிந்துகொண்டே போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் ஜம்மென்று இருந்தது. "சூப்பர் மாமா" என்றான் மச்சான். லோடு ஏற்றாதே என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் மீனோடு வரும் வழியில் டியூப் வெடித்தது. சைக்கிள் சாய்ந்து, ஐஸும் மீனுமாக இருந்த பெட்டி அவன் முழங்கால் மேல் விழுந்து முட்டிச் சில்லு நொறுங்கிவிட்டது. அந்தக் கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. மடங்காத காலால் பெடல் மிதிக்க முடியாது.

"ரோட்ல ஆணி எதனா குத்தியிருக்கும் மாமா. என் நேரம்" என்றான் ஆஸ்பத்திரியில். ஆமாம் என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கிழிந்த டியூபை நானே கழற்றி யாரும் பார்ப்பதற்குள் எறிந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டனுப்பினான். இனி அவன் மனைவி அதே சைக்கிளில் மீன் எடுக்கப் போகிறாளாம். டியூபைக் கடையிலேயே மாட்டிக்கொள்ளலாமே என்று மழுப்பினேன்.

"கடைக்காரன நம்ப முடியாது மாமா. பொம்பள ஓட்டப்போறா. நீங்களே மாட்டிக் குடுங்க."

பட்டை டியூப் வாங்கிவந்து மாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்தபடி அவன் பம்பை எடுத்துக் கொடுத்தான்.

"எவ்ளோ லோடு ஏத்தலாம்ண்ணா?" என்று கேட்டாள் அவள்.

"எவ்ளோ வேணா ஏத்தும்மா" என்றேன், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.