விளக்கைக் காட்டிக் கைவிரித்தவன்

கார் வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் அதன் முன்பக்கம் இரண்டு மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினேன். அழகுக்காக இல்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் மார்கழி விடியற்காலையில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏரியிலிருந்து கிளம்பும் பனி சாலையையே மறைத்துவிடும். எதிரே நிற்பது எருமையா, ஐஸ் ஏற்றிய லோடு ஆட்டோவா என்று முட்டுகிற தூரத்துக்குப் போனால்தான் புரியும்.

என் வீட்டுக்காரர் கோட்டைக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவர். நான் முதலில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். பிறகு கடன் வாங்கி ஏழு பேர் உட்காரும் இந்தக் காரை எடுத்தேன். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எங்கள் பக்கத்துக் குப்பங்களில் யார் கூப்பிட்டாலும் போவேன். விளக்கைப் பொன்னேரியில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் போட்டேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, அதற்கென்று தனி ஃபியூஸ் வைத்துக் கொடுத்தார்கள். அதோடு ஹெட்லைட்டுக்கும் கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு வெளிச்சம் கூடுதலான பல்பு மாற்றிக்கொண்டேன்.

சில மாதங்களில் கார் திக்க ஆரம்பித்தது. ஏறி மிதித்தால் இழுக்காது. சில நேரம் ஸ்டார்ட் ஆகாது. ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். பெட்ரோல் பம்பு போய்க்கொண்டிருக்கிறது என்று உள்ளே இருந்த மெக்கானிக்குகளே சொன்னார்கள். வாரண்டி இருக்கிறதே, மாற்றித் தருவார்கள் என்று நிம்மதியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சர்வீஸ் மேனேஜர் வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முன்னால் குனிந்து, கையிலிருந்த பேனாவால் மஞ்சள் விளக்கை டொக் டொக் என்று தட்டினான்.

"இது எங்க போட்டது?"

"பொன்னேரியில சார்."

"வெளியில லைட் போட்டா வாரண்டி காலிம்மா. காசு கட்டினா பம்பு மாத்தித் தர்றோம்."

"லைட்டு முன்னாடி கீது சார். பம்பு பின்சீட்டுக்கு அடியில டேங்குக்குள்ள கீது. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கார் எடுக்க வந்திருந்த குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தான். "கடலுக்குப் போற போட்டுன்னு நெனச்சிட்டாங்க போல. இஷ்டத்துக்கு லைட் கட்டிட்டு வந்து நம்மகிட்ட நிக்கிறாங்க."

அவர்களும் சிரித்தார்கள். வண்டியின் பழுதைக் குறிக்கும் ஜாப் கார்டில் வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பம்புக்குக் கேட்ட காசு என் கையில் அப்போது இல்லை. தவணைக்கு வண்டி ஓடியே ஆக வேண்டும்.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, அப்போது நிறைமாதம். தலைப்பிரசவம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடைச் சட்டையில் என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவள். வலி எடுத்தது ஒரு மத்தியானம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வேறு ஒரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். வாசலில் என் கார் நிற்கிறது. அவளையும் மாமியாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் கார் நின்றது. நல்ல உச்சிவெயில். அன்றைக்கு அந்த மஞ்சள் விளக்குகளின் சுவிட்சை நான் தொடக்கூட இல்லை. சாவியைத் திருப்பத் திருப்ப என்ஜின் வெறுமனே சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் புதர். பின்சீட்டில் அவள் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, முடியல அண்ணி" என்று கத்துகிறாள். அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில்தான் அந்தப் பம்பு செத்துக் கிடந்தது.

ஓர் இறால் வண்டி வந்தது. கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன். பெட்டிகளை ஒதுக்கி, ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த பலகைமேல் என் புடவை முந்தானையைக் கிழித்து விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அப்படித்தான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குழந்தை அழவில்லை.

பையன். முடி நிறைய இருந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார்.

பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஷோரூமுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குள் முள் மாதிரி ஏறிக்கொண்டது. சோறு தின்னும்போதெல்லாம் அவன் பேனா விளக்கைத் தட்டும் சத்தம் கேட்டது.

பொன்னேரியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். வாரண்டி புத்தகத்தை வாங்கிப் படித்தார். "வெளியில சாமான் போட்டா மொத்த வாரண்டியும் போயிடும்னு இதுல எங்கேயும் இல்ல. போட்ட சாமானால எது கெட்டுச்சோ அதுக்கு மட்டும்தான் கம்பெனி பொறுப்பில்ல. லைட்டாலதான் பம்பு போச்சுன்னு சொன்னா, அதை அவங்க காட்டணும்" என்றார். பிறகு குழந்தை விஷயத்தையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதையும் எழுதலாம். நிரூபிக்கிறது கஷ்டம். ஆனா எழுதினா கேஸுக்கு வேற கனம் வரும்."

எழுதத்தான் ஆசைப்பட்டேன். அந்தக் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் அதைப் படிக்க வேண்டும், அவன் கேட்க வேண்டும். அதற்காகவே போயிருந்தேன். ஆனால் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி?

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை சீப்பு நிற்கவில்லை.

"எம்புள்ளைய காயிதத்துல எழுதாத அண்ணி."

"ஏம்மா? அவன் பண்ணதுக்கு அவன் அனுபவிக்க வாணாமா?"

"அவங்க வக்கீலு எந்திரிச்சு, அது வவுத்துலயே செத்துப்போச்சுன்னு சொல்லுவான். இல்லன்னு நீ சொல்லுவ. எம்புள்ளைய வச்சி நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க. வாணாம். அவன் வாய்ல அது வரக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு வழி தெரியவில்லை. எங்கள் கேஸில் குழந்தை இல்லாமல் போனது. லைட்டும் பம்பும் மட்டும்தான் இருந்தன.

திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டோம். நோட்டீஸ் போனதும் ஷோரூமிலிருந்து போன் வர ஆரம்பித்தது. எடுக்கவில்லை. கார் வாசலில் நின்றுவிட்டதால் வாடகைக்கு ஷேர் ஆட்டோ எடுத்து ஓட்டினேன். எங்கள் குப்பத்தில் மட்டுமில்லை, சுண்ணாம்புக்குளம் வரை சவாரி போகிற இடமெல்லாம் அவர்கள் கைவிரித்ததைச் சொன்னேன். வண்டி எடுக்கப் போகிறவன் யாராக இருந்தாலும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். அந்த ஷோரூமில் புக் பண்ணியிருந்த ஒரு இறால் வியாபாரி என் பேச்சைக் கேட்டுவிட்டு வேறு இடத்தில் எடுத்தார். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

கடைசியில் அவனே வந்தான். பாலிஷ் போட்ட ஷூ மணலில் புதையப் புதைய நடந்து வந்தான். என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் வலையைப் பிரித்துப்போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியைக் காட்டி, "குந்துங்க சார்" என்றேன். நிழலில் இடம் இருந்தது. வெயிலில்தான் பெட்டியைக் காட்டினேன்.

"மேடம், பம்பு ஃப்ரீயா மாத்தித் தர்றோம். ஹெட் ஆபீஸ்ல ஸ்பெஷலா பேசி அப்ரூவல் வாங்கியிருக்கேன். கேஸ மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

அன்றைய 'ம்மா' போய் இப்போது 'மேடம்' ஆகியிருந்தேன். "வாரண்டிதான் காலியாச்சே சார்" என்றேன்.

"அது அன்னிக்கு ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்..."

"லைட்டு இன்னும் அங்கதான் கீது. கயட்டல. வேணும்னா இன்னொரு வாட்டி தட்டிப் பாருங்க."

அவன் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான் காதில் வாங்காத மாதிரி நின்றேன். வேர்வை சட்டைக் காலருக்குள் இறங்குவதைப் பார்ப்பது எனக்கு இனித்தது. அப்போது நாத்தனார் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தான். "தேங்க்ஸ்மா" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் போன பிறகு அவள்மேல் பாய்ந்தேன். "அவனுக்குப் போயி தண்ணி குடுக்கிறியே, உனக்கு சூடு சொரண இல்ல?"

"தாகம்னு கேட்டாரு. குடுத்தேன். நீ பண்றத நீ பண்ணு அண்ணி, நான் வாணாங்கல" என்றாள்.

கோர்ட்டு ஒரு இன்ஜினியரை வைத்துக் காரைச் சோதித்தது. பம்பு தானாகவே பழுதானது, மஞ்சள் விளக்கின் ஒயர் அதைத் தொடவே இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். இடையில் ஹெட்லைட்டும் எரியாமல் போனதால் அதையும் மனுவில் சேர்த்திருந்தோம், அதில் மட்டும் எங்கள் பக்கம் பலிக்கவில்லை. கூடுதல் வெளிச்சத்துக்குப் போட்ட பல்பின் சூட்டில் அதன் சாக்கெட் உருகியிருந்தது. அது என் செலவுதான் என்றார்கள். சரி என்றேன். மற்றதெல்லாம் என் பக்கம் வந்தது. பம்பை மாற்ற வேண்டும், மிச்ச வாரண்டி அப்படியே தொடர வேண்டும், அலைக்கழித்ததற்கு நஷ்டஈடும் தர வேண்டும். தீர்ப்பில் அவன் ஜாப் கார்டில் எழுதியதை எடுத்துக் காட்டி, வாரண்டி புத்தகத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் மறுத்திருக்கிறார் என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை வக்கீலம்மா தமிழில் சொல்ல, இரண்டு தடவை திரும்பக் கேட்டேன்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அவன் என்னைத் தேடி வந்தான். முகம் கறுத்திருந்தது.

"என் வேலைக்கே இப்ப ஆபத்து மேடம். ஃப்ரீயா தர்றோம்னு வீடு தேடி வந்தேனே. ஒரு பம்புக்காக இவ்ளோ தூரமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டான். நான் தேடி வந்த பழிவாங்கல் அதுதான், கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் செய்த சத்தியம் வாயைக் கட்டியது.

"ஆமா சார்" என்றேன். "ஒரு பம்புக்குத்தான்."

சில வாரத்தில் அவனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், பாவம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை. எதற்காக அடிபட்டோம் என்று தெரியாமலே அவன் போய்விட்டான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

புதுப் பம்பு போட்டு வந்த அன்று நாத்தனார் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "முடிஞ்சுதா அண்ணி?" என்றாள். "முடிஞ்சுது" என்றேன்.

இப்போது அவளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம். பொன்னேரிக்குச் செக்கப்புக்குப் போக வேண்டியிருந்தது. காரைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் கதவு வரைக்கும் வந்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்ட விரலை எடுத்துக்கொண்டாள்.

"நான் பஸ்லயே போறேன் அண்ணி. தப்பா நெனச்சிக்காத."

அவளும் மாமியாரும் பழவேற்காடு பஸ் நிலையத்தில் ஏறினார்கள். நான் காலி வண்டியை எடுத்துக்கொண்டு பொன்னேரி வரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிப்போனேன். ஜன்னலோரம் அவள் பின்னல் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே போனேன், வாய்விட்டு, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையிலும்.